பரிசுச் செலவைக் குறைக்க எது உதவும்: தள்ளுபடியா, ஜோகூரா, சீட்டுக் குலுக்கலா?

சிங்கப்பூரில் நம் வீடுகளில் செப்டம்பர் முடிவதற்குள்ளாகவே பரிசுச் செலவுக் கணக்கு தொடங்கிவிடுகிறது. தீபாவளி, நவம்பரில் பள்ளி விடுமுறை விட்டதும் வரிசையாக வரும் பிறந்தநாள் விழாக்கள், டிசம்பரில் அலுவலகத்துக் கிறிஸ்துமஸ் பரிசுப் பரிமாற்றம், ஜனவரியில் பொங்கலுக்குப் பெற்றோருக்கு எடுக்கும் துணி. நம் வீடுகளில் உறவு என்பது கூடப் பிறந்தவர்களோடு நிற்பதும் இல்லை. பெரியம்மா வீட்டுப் பிள்ளைகள், மச்சான் வீட்டுப் பிள்ளைகள், அதே தளத்தில் இருபது வருடமாகக் குடியிருக்கும் மக்சிக் (மலாய் அம்மா), நோன்புப் பெருநாளுக்கு அவர் அனுப்பும் குவே பலகாரத்துக்குப் பதிலாக நாம் அனுப்ப வேண்டிய பலகாரம் என்று போய்க்கொண்டே இருக்கும்.

இதை எப்படிக் குறைப்பது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு வழி சொல்வார்கள். நவம்பர் 11, அதாவது 11.11 இணையத் தள்ளுபடி வரைக்கும் பொறு என்பார் ஒருவர், எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூருக்குப் போய் மொத்தமாக வாங்கிவா என்பார் இன்னொருவர், எதற்கு அலைகிறாய், உறையில் காசு வைத்துக் கொடுத்துவிடு என்பார் மாமா. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் எனக்கு உறுதியாகப் படுவது இதுதான்: ஒவ்வொரு பரிசின் விலையையும் குறைக்க அலைவதில் கிடைக்கும் மிச்சம் சின்னது, எத்தனை பரிசு கொடுக்கிறோம் என்பதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிக் குறைப்பதில்தான் பெரிய மிச்சம் இருக்கிறது. அந்தப் பேச்சை எடுக்கத் தயங்கித்தான் நாம் எல்லாரும் தள்ளுபடி தேடி ஓடுகிறோம்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். கணவன், மனைவி. பிறந்தநாளுக்குப் பரிசு கொடுக்க வேண்டிய உறவுக்காரப் பிள்ளைகள் 12 பேர், தீபாவளிக்கு ஏதாவது கொடுக்க வேண்டிய பெரியவர்கள் 10 பேர், அண்டை வீடும் அலுவலகமுமாக 10 பேர். பிள்ளைக்கு 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பெரியவருக்கு 40, மற்றவர்களுக்கு 12 என்று வைத்தால் 360, 400, 120; ஆக மொத்தம் 880 வெள்ளி. சுற்றுகிற காகிதம், பை, டாக்சிக் காசு எதையும் இதில் சேர்க்கவில்லை. உங்கள் வீட்டு எண்கள் வேறாக இருக்கும், அவற்றைப் போட்டுப் பாருங்கள்.

முதலில் தள்ளுபடி நாள்கள். ஷாப்பி, லசாடா ஆகிய இணையக் கடைகள் இரண்டும் 9.9, 10.10, 11.11, 12.12 என்று மாதம் ஒரு விழா நடத்துகின்றன. நமக்கு இதில் உள்ள சிக்கல் தேதி. தீபாவளி நகரும், தள்ளுபடி நாள் நகராது. 2024இல் தீபாவளி அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. மூன்று வருடமும் 11.11 தீபாவளி முடிந்த பிறகுதான். ஆக எல்லாரும் பெரிதாகப் பேசும் அந்த நாள் நம் தீபாவளிப் பரிசுக்கு உதவாது, டிசம்பர்ப் பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமசுக்கும்தான் உதவும். தீபாவளிக்கு வாங்குவதென்றால் 9.9தான் நல்ல நாள். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் பொருள் சொன்ன நாளில் வராமல் போனாலும் கையில் நேரம் இருக்கும். 10.10இல் வாங்கினால் உள்ளூர்க் கிடங்கிலிருந்து அனுப்புகிறார்களா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இணையத்தில் வெளிநாட்டுக் கடையில் வாங்கினால் வரி இல்லை என்று இன்னமும் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விமானத்திலோ தபாலிலோ வரும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கு முன்பு ஜிஎஸ்டி கிடையாது, உண்மைதான். 2023 ஜனவரி 1 முதல் அது மாறிவிட்டது. வரிப் பதிவுள்ள பெரிய தளங்கள் பணம் கட்டும்போதே ஜிஎஸ்டியைச் சேர்த்து வாங்கிக்கொள்கின்றன. 2024 முதல் அது 9 விழுக்காடு. விலை ஒப்பிடும்போது பொருளின் பக்கத்தில் தெரியும் எண்ணைப் பார்க்காதீர்கள், பணம் கட்டும் பக்கத்தில் கடைசியாக வரும் எண்ணைப் பாருங்கள். அப்புறம், 60 வெள்ளிக்கு வாங்கினால் 8 வெள்ளி குறையும் என்கிற மாதிரியான சலுகைகள். 45 வெள்ளிப் பொருளை எடுத்துவிட்டு, எட்டு வெள்ளியைப் பிடிப்பதற்காக இன்னும் 15 வெள்ளிக்கு ஏதாவது சேர்த்தால் 52 வெள்ளி கட்டுவீர்கள். சலுகையே இல்லாமல் 45இல் முடிந்திருக்கும்.

தள்ளுபடி நாளுக்கு ஒரு நல்ல உபயோகம் உண்டு. பிள்ளை பெயர் சொல்லிக் கேட்ட ஒரு பொருள், இன்ன லெகோ, இன்ன அளவுக் காற்பந்துக் காலணி என்று முடிவாகிவிட்டதென்றால், மூன்று வாரம் முன்பே கூடையில் போட்டு அன்றைய விலையைக் குறித்து வைத்துக்கொண்டு, அந்த நாளில் உண்மையிலேயே குறைகிறதா என்று பார்த்து வாங்கலாம். ‘யாருக்காவது ஆகும்’ என்று வாங்குவது அலமாரியில்தான் போய் முடியும். 880 வெள்ளிக்கும் 20 விழுக்காடு தள்ளுபடி கிடைத்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள், மிச்சம் 176 வெள்ளி. அதுவும் எல்லாமே தள்ளுபடியில் கிடைத்தால். சேலை, வேட்டி, பலகாரம், தங்கம் இவற்றுக்கெல்லாம் அந்தத் தள்ளுபடி பெரும்பாலும் எட்டாது.

அடுத்தது ஜோகூர். ரிங்கிட் மாற்று விகிதத்தைப் பார்த்தால் கை துறுதுறுக்கும், அதில் சந்தேகமில்லை. ஜாலான் ஊங்கு புவான் பக்கம் இருக்கிற இந்தியக் கடைகளில் துணியும் பூசைப் பொருளும் வாங்கலாம், கடைத்தொகுதிகளில் பொம்மையும் காலணியும் வாங்கலாம். ஆனால் திரும்பி வரும்போது சுங்கத்துறையின் கணக்கு ஒன்று இருக்கிறது. 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்துவிட்டு வந்தால் 100 வெள்ளி மதிப்பு வரைக்கும்தான் ஜிஎஸ்டி விலக்கு. 48 மணி நேரமோ அதற்கு மேலோ இருந்தால் 500 வெள்ளி. 2019 பிப்ரவரிக்கு முன்பு இது 150, 600 என்று இருந்தது. காலையில் போய் மாலையில் திரும்பும் ஒருவர் 300 வெள்ளிக்கு வாங்கினால் மிச்ச 200 வெள்ளிக்கு 9 விழுக்காடு கட்ட வேண்டும்.

இதில் பலருக்கும் தெரியாத விஷயம், இந்த விலக்கே குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சுற்றுப்பயணிகளுக்கும்தான். வேலை அனுமதிச் சீட்டு, எம்ப்ளாய்மென்ட் பாஸ், மாணவர் அட்டை, டிபென்டன்ட் பாஸ், நீண்டகால வருகை அட்டை வைத்திருப்பவர்களுக்கு அந்த 100 வெள்ளியும் கிடையாது, முதல் வெள்ளியிலிருந்தே வரி. இங்கே வேலை பார்க்கும் நம் ஊர்த் தம்பிமார்களும், குடும்பத்தோடு வந்திருக்கும் ஐடிக்காரர்களும் ஜோகூர்க் கணக்குப் போடுமுன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. நவம்பர், டிசம்பர் வாரக் கடைசியில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நிற்கிற நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜோகூருக்கு எப்படியும் போகிற குடும்பம், வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வைப்பது லாபம். பரிசுக்காகவே தனியாக ஒரு நாளை ஒதுக்கிப் போவதில் மிச்சம் அவ்வளவு இல்லை.

இந்தியாவுக்குப் போகும்போது வாங்கி வருவதும் இதே வகைதான், ஆனால் சேலைக்கும் பிள்ளைகளின் பட்டுப்பாவாடைக்கும் இதுதான் முதல் இடம் என்று நான் சொல்வேன். ஒரு வாரம் இருந்துவிட்டு வருபவருக்கு 500 வெள்ளி விலக்கு இருக்கிறது, தேர்வும் அதிகம். ஜூன் விடுமுறையில் போகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: ஆடி பிறப்பது ஜூலை நடுவில், அதனால் ஆடித் தள்ளுபடியைப் பெரும்பாலும் பிடிக்க முடியாது. தமிழ்நாட்டுக் கைத்தறிக் கடையான கோ-ஆப்டெக்சின் 30 விழுக்காட்டுத் தீபாவளித் தள்ளுபடி அதற்கும் பிறகு. ஊரில் அக்காவோ சித்தியோ இருந்தால் அப்போது எடுத்து வைக்கச் சொல்லி, அடுத்து வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்லலாம். பெட்டியின் எடையை மட்டும் அவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

உள்ளூரில் தேக்கா நிலையத்தின் மேல்தளத் துணிக்கடைகளும் முஸ்தபா பேரங்காடியும் இருக்கின்றன. முஸ்தபாவில் விலையைவிடப் பெரிய வசதி, எல்லாருக்குமான பரிசையும் ஒரே இடத்தில் முடித்துவிடலாம் என்பது. நாலு இடம் அலைகிற செலவும், அலையும்போது தொண்டைக்கும் வயிற்றுக்கும் ஆகிற செலவும் மிச்சம். லிட்டில் இந்தியாவின் தீபாவளிச் சந்தையில் முந்தின நாள் இரவு வியாபாரிகள் சரக்கைத் தீர்க்கிற வேகத்தில் விலையை இறக்குவார்கள். விளக்கு, தோரணம், கோல ஸ்டிக்கர் எல்லாம் அன்றைக்கு வாங்கி அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். உடுப்பை நம்பிப் போகாதீர்கள், பிள்ளைக்கு வேண்டிய அளவு இருக்காது. கிறிஸ்துமஸ் காகிதமும் அப்படித்தான், டிசம்பர் 26க்குப் பிறகு வாங்குங்கள். சிவப்பும் தங்கமும் கலந்த, மரமோ தாத்தாவோ இல்லாத காகிதமாகப் பார்த்து எடுத்தால் வருடம் முழுக்க எல்லாருடைய பிறந்தநாளுக்கும் ஆகும்.

இதுவரை சொன்னதெல்லாம் விலையைக் குறைக்கும் வழிகள். இனி, எண்ணிக்கையைக் குறைக்கும் வழி.

பெரியவர்களுக்குள் சீட்டுக் குலுக்கல். நம் மாதிரிக் குடும்பத்தில் கணவன் மனைவியோடு சேர்த்தால் பெரியவர்கள் 12 பேர். 12 பெயரையும் எழுதிக் குலுக்கி ஆளுக்கு ஒரு சீட்டு எடுத்தால், ஒருவர் ஒருவருக்கு மட்டும் பரிசு கொடுத்தால் போதும். வரம்பு 60 வெள்ளி என்று வைத்தால் கணவனும் மனைவியும் சேர்ந்து 120 வெள்ளி. முன்பு 400. ஒரே முடிவில் 280 வெள்ளி மிச்சம், தள்ளுபடி நாள் முழுக்க விழித்திருந்தாலும் கிடைக்காத தொகை. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, வாங்குகிறவருக்கும் இது நஷ்டமில்லை. 40 வெள்ளிக்குப் பத்துப் பேர் யோசிக்காமல் கொடுத்த வாசனைத் திரவியமும் துண்டுத் தொகுப்பும் வருவதற்குப் பதிலாக, ஒரே ஒருவர் நம்மை நினைத்து, விசாரித்து, 60 வெள்ளிக்கு வாங்கிய ஒரு பொருள் வருகிறது.

எங்கள் குடும்பத்தில் இதை யீஷூனில் மாமா வீட்டில், பொங்கல் சாப்பாடு முடிந்து எல்லாரும் தரையில் உட்கார்ந்திருக்கும்போது செய்கிறோம். காலியான பலகார டப்பாவில், அந்தச் சிவப்பு மூடி டப்பாவில்தான் சீட்டு. பெயரை மட்டும் எழுதினால் போதாது, பெயருக்குக் கீழே வேண்டிய பொருள் மூன்று எழுத வேண்டும் என்பது அண்ணி கொண்டுவந்த விதி. முதல் முறை எங்கள் அத்தை “எனக்கு ஒண்ணும் வேணாம், நீங்க எல்லாரும் நல்லா இருந்தா போதும்” என்று எழுதிப் போட்டுவிட்டார். அண்ணி அந்தச் சீட்டை அத்தையிடமே திருப்பிக் கொடுத்து, “அத்தை, இது யார் கையில வந்தாலும் அவங்க திண்டாடிப் போவாங்க, உங்களுக்கு என்ன வேணும்னு நீங்களே சொல்லுங்க” என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அத்தை எழுதியது: இரும்புத் தோசைக்கல், பழக்கியது. சிராங்கூன் சாலைப் பாத்திரக் கடையில் வாங்கி, சின்ன மாமா அதை எண்ணெய் தடவிக் காய்ச்சி, வெங்காயம் தேய்த்து, ஒரு மாதம் தன் வீட்டிலேயே தோசை சுட்டுப் பழக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். அத்தை அதைத்தான் தினமும் அடுப்பில் வைக்கிறார்.

சில நடைமுறைகளைச் சொல்லிவிடுகிறேன். தாத்தா பாட்டி பெயரைக் குலுக்கலில் போடாதீர்கள். அவர்களுக்கு எல்லாரும் சேர்ந்து ஒன்று செய்யுங்கள், அவர்கள் யாருக்கும் வாங்க வேண்டாம். கணவன் மனைவி ஒருவர் பெயரை ஒருவர் எடுத்தால் மறுபடி குலுக்குங்கள். வரம்பை எல்லாரிலும் கைக்கு இறுக்கமாக இருப்பவருக்கு ஏற்ற மாதிரி வையுங்கள், அந்த வருடம் வேலை போயிருக்கும் ஒருவர் குடும்பத்தில் இருக்கலாம், அவர் வாய் திறந்து சொல்லமாட்டார். முக்கியமாக, இந்தப் பேச்சை அக்டோபரில் எடுக்காதீர்கள். அதற்குள் யாராவது நாலு பேருக்கு வாங்கி வைத்திருப்பார்கள், மனத்தாங்கல் வரும். ஜனவரியிலோ, சீனப் புத்தாண்டு விடுமுறையில் எல்லாரும் கூடும்போதோ எடுத்தால் யாரும் வருத்தப்படமாட்டார்கள். யார் எடுப்பது என்றால், வீட்டில் ஓரளவு வசதியாக இருப்பவர். கையில் இல்லாதவர் சொன்னால் கஞ்சத்தனம் என்று பேச்சு வரும், இருப்பவர் சொன்னால் அந்தப் பேச்சே வராது.

சேர்ந்து கொடுப்பது இன்னொரு வழி, தங்கத்தில் இதன் லாபம் நன்றாகத் தெரியும். பிள்ளை பிறந்து பெயர் சூட்டும்போது அத்தை ஒரு மோதிரம், சித்தி ஒரு மோதிரம், மாமா ஒரு சின்னக் காப்பு என்று தனித்தனியாக 916 (22 காரட்) தங்கம் வாங்குகிறோம். ஒவ்வொன்றுக்கும் தனியாகச் செய்கூலி, அதன்மேல் எல்லாவற்றுக்கும் சேர்த்து 9 விழுக்காடு ஜிஎஸ்டி. பொருள் சின்னதாக ஆக ஆக விலையில் கூலியின் பங்கு கூடுகிறது. பின்னால் அதை மாற்றவோ விற்கவோ போனால் கூலியும் வரியும் திரும்பி வராது, தங்கத்தின் எடைக்குத்தான் காசு. ஐந்து குடும்பம் சேர்ந்து ஒரே சங்கிலி எடுத்தால் அதே காசில் கூடுதல் தங்கம் பிள்ளைக்குச் சேரும், மூன்று மாதத்தில் விரலுக்குப் பத்தாமல் போகிற மோதிரங்கள் பெட்டியில் தூங்காது. தங்கம் விலை இப்போது இருக்கிற உயரத்தில் இதை யோசிக்காமல் இருப்பது சரியில்லை. நகையாக வேண்டாம், சேமிப்பாக இருந்தால் போதும் என்று பெற்றோர் சொன்னால், 99.5 விழுக்காடோ அதற்கு மேலோ தூய்மையுள்ள முதலீட்டுத் தங்கக் கட்டிகளுக்கு 2012 அக்டோபர் முதல் ஜிஎஸ்டி இல்லை. ஆனால் மிகச் சின்னக் கட்டிகளுக்குக் கடைக்காரர்கள் தங்க விலைக்கு மேல் வைக்கும் தொகை அதிகம். அதனால் அங்கேயும் சேர்ந்து வாங்கினால்தான் கட்டுபடியாகும்.

கைக்குழந்தைகளுக்கு இதைவிடவும் நல்ல வழி ஒன்று நம் கண்ணெதிரே இருக்கிறது, பலரும் அதைப் பரிசாக நினைத்துப் பார்ப்பதே இல்லை. சிங்கப்பூர்க் குடிமகனான பிள்ளைக்கு சிடிஏ எனப்படும் பிள்ளை மேம்பாட்டுக் கணக்கு இருக்கும். அதில் போடுகிற ஒவ்வொரு வெள்ளிக்கும் அரசாங்கம் ஒரு வெள்ளி போடுகிறது, ஒரு வரம்பு வரைக்கும். 2023 பிப்ரவரி 14 முதல் பிறந்த பிள்ளை முதல் பிள்ளையானால் அந்த வரம்பு 4,000 வெள்ளி, இரண்டாம் பிள்ளையானால் 7,000. பெற்றோர் இன்னும் அந்த வரம்பைத் தொடவில்லை என்றால், நீங்கள் கொடுக்கும் 30 வெள்ளி அங்கே 60 வெள்ளியாகிறது. பாலர் பள்ளிக் கட்டணத்துக்கும் மருத்துவருக்கும் கண்ணாடிக் கடைக்கும் அந்தக் காசு உதவும். வீட்டில் நான்காவது டெடி பொம்மையாக ஒன்று போய்ச் சேருவதைவிட இது எவ்வளவோ மேல். “சிடிஏ இன்னும் நிரம்பலையே?” என்று பெற்றோரிடம் நேராகக் கேளுங்கள், நிரம்பிவிட்டது என்றால் வேறு வழி பாருங்கள். உறையில் ஒரு சின்ன வாழ்த்தும் எழுதிக் கொடுத்தால் காசை மட்டும் நீட்டிய மாதிரி இருக்காது.

பொதுவாகக் காசு கொடுப்பது பற்றி. தீபாவளி உறையில் பிள்ளைகளுக்கு 2, 5, 10 வெள்ளி நோட்டு வைப்பது இங்கே ஊறிப்போன பழக்கம். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசாகவும் காசுதான் சரி, அவர்கள் ரசனையை நாம் துரத்திப் பிடிக்க முடியாது. ஆனால் காசு ஒரு விதத்தில் செலவைக் கூட்டும். பொருளின் விலையை யாரும் கேட்பதில்லை, 18 வெள்ளிப் புத்தகம் மனதுக்கு நிறைவாக இருக்கும். உறைக்குள் 18 வெள்ளி வைக்க யாருக்கும் மனது வராது, 20 ஆகும், பிறகு 30 ஆகும், ஒரு முறை ஏற்றிவிட்டால் இறக்கவும் முடியாது. ஆகவே காசு மிச்சம் பிடிக்கிற வழி என்று நினைக்காதீர்கள், அது வீணாவதைத் தடுக்கிற வழி. புது நோட்டுக்காக வங்கியில் வரிசை பிடிக்கவும் வேண்டாம். நல்ல நிலையில் உள்ள பழைய நோட்டையோ கைப்பேசியில் பணம் அனுப்பும் பேநவ் வழியையோ பயன்படுத்தச் சொல்லி நாணய ஆணையமே ஊக்கப்படுத்துகிறது.

அண்டை வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் கையால் செய்த பலகாரம். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. கடையில் வாங்கும் ஹேம்பர் எனும் பரிசுக் கூடையின் விலையில் ஒரு பங்கு பெட்டிக்கும் ரிப்பனுக்கும் போகிறது. அரிசி மாவு, உளுத்த மாவு, எண்ணெய், வெண்ணெய், டப்பா எல்லாம் சேர்த்து ஒரு டப்பா முறுக்கு 4 வெள்ளிக்குள் முடிந்துவிடும் என்று வைத்தால் பத்து டப்பாவுக்கு 40 வெள்ளி, 120க்குப் பதிலாக. ஆனால் நேரம் இருக்கிறவர்களுக்குத்தான் இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடுப்படியில் நிற்க வேண்டும், முறுக்குக் குழலில் பிழிய ஒருவர், எண்ணெயில் திருப்ப ஒருவர், ஆறவைத்து அடுக்க ஒருவர் என்று மூன்று பேராவது வேண்டும். ஆறாமல் மூடினால் மறுநாளே நமுத்துவிடும். மூன்று பேர் இல்லையென்றால், வீட்டில் செய்து விற்கும் அக்காக்களிடம் மொத்தமாகச் சொல்லி வாங்கி நீங்களே டப்பாவில் பிரித்துப் போடுங்கள், அப்போதும் ஹேம்பரைவிடக் குறைவு. மலாய், சீன நண்பர்களுக்குக் கொடுக்கும் டப்பாவில் என்ன எண்ணெய், என்ன பருப்பு, என்ன கொட்டை என்று ஒரு சின்னத் தாளில் எழுதி ஒட்டுங்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் நிறைய. அண்டை வீட்டு முஸ்லிம் குடும்பம் நெய், எண்ணெய் பற்றிக் கேட்கக் கூச்சப்பட்டுச் சாப்பிடாமல் வைத்துவிடலாம், முன்கூட்டியே எழுதிவிட்டால் அந்தத் தயக்கம் இருக்காது.

பழைய பொருள் கொடுக்கலாமா என்று கேட்டால், ஆளைப் பார்த்துச் செய்யுங்கள் என்பேன். பழைய பொருள் விற்கும் கேரசல் செயலியில் ஒருமுறை மட்டும் பிரித்த பொம்மைகளும், பிள்ளை வளர்ந்துவிட்டதால் விற்கும் மிதிவண்டிகளும் பாதி விலைக்கும் கீழே கிடைக்கின்றன. பிராஸ் பசா காம்ப்ளெக்சில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. மூன்று வயதுப் பிள்ளைக்குப் புதிது பழையது தெரியாது, மரக் கட்டைகளும் பெரிய லெகோவும் கழுவினால் புதிதுபோல் ஆகிவிடும். ஆனால் தீபாவளிக்கு வேண்டாம். அன்றைக்குப் புதிதுதான் கொடுக்க வேண்டும் என்பது நம் பெரியவர்களின் மனதில் ஆழமாக இருக்கிறது, 15 வெள்ளி மிச்சத்துக்காக அதை உரசிப் பார்க்க வேண்டியதில்லை. தலைக்கவசம், கார் இருக்கை இரண்டையும் எப்போதுமே பழையதாக வாங்காதீர்கள். எங்கே, எப்படி அடிபட்டது என்று வெளியே தெரியாது.

பிறந்தநாள் விழாவில் வந்த பிள்ளைகளுக்கு நாம் திருப்பிக் கொடுக்கும் அன்பளிப்புப் பை (goody bag) ஒரு தனிச் செலவு. பென்சில், அழிப்பான், நிலைக்காத பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமான், மிட்டாய் என்று ஆளுக்கு 5 வெள்ளி வைத்து 25 பிள்ளைக்குக் கொடுத்தால் 125 வெள்ளி, அதில் முக்கால்வாசி மறுநாள் குப்பை. அதே காசில் ஆளுக்கு ஒரு நல்ல வண்ணப் புத்தகமோ தமிழ்க் கதைப் புத்தகமோ கொடுங்கள், அல்லது இரண்டு வெள்ளிக்கு ஒரு பொருளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்தப் பிள்ளையும் குறை சொல்லப்போவதில்லை.

இப்போது கணக்கைத் திரும்பப் பாருங்கள். பெரியவர்களுக்குக் குலுக்கல், 120 வெள்ளி. அண்டை வீட்டுக்குப் பலகாரம், 40. பிள்ளைகளுக்கு மட்டும் தள்ளுபடி நாளில் பார்த்து வாங்குவது, 360இல் 20 விழுக்காடு போக 288. ஆக 448 வெள்ளி. 880இல் ஏறத்தாழ பாதி, அதில் தள்ளுபடியின் பங்கு 72 வெள்ளிதான். மாதம் 38 வெள்ளி தனியாக ஒரு கணக்கில் போட்டுவந்தால் வருடத்தில் இது முழுக்கச் சேர்ந்துவிடும்; அக்டோபரில் கடன் அட்டையைத் தேய்க்க வேண்டி வராது. அட்டையில் பாக்கி வைத்தால் இங்கே வட்டி வருடத்துக்கு 27 விழுக்காட்டை ஒட்டி வருகிறது, எந்தத் தள்ளுபடியும் அதை ஈடுகட்டாது. தவணையில் கட்டும் செயலிகளைப் பரிசுக்குப் பயன்படுத்தவே வேண்டாம் என்பது என் கருத்து; பிறந்தநாள் முடிந்து மூன்று மாதம் கழித்தும் அந்தக் கேக்குக்கும் பொம்மைக்கும் கட்டிக்கொண்டிருப்பது மனதுக்குச் சுமை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கையைச் சுருக்காதீர்கள். வீட்டில் பாட்டியைக் குளிப்பாட்டி, பிள்ளையைப் பள்ளிப் பேருந்துக்கு அனுப்பும் பணிப்பெண்ணுக்கும், புளோக்கின் கீழ்த்தளத்தைத் தினமும் கூட்டும் தம்பிக்கும் கொடுப்பது இந்தப் பட்டியலில் குறைக்க வேண்டிய வரி இல்லை. அவர்களுக்குப் பொருள் வாங்காமல் காசாகக் கொடுங்கள். பண்டிகைக்கு ஊருக்குப் பணம் அனுப்புவார்கள், அதனால் தீபாவளியோ கிறிஸ்துமஸோ வருவதற்கு இரண்டு வாரம் முன்பே கொடுத்துவிட்டால் அங்கே பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்க நேரம் இருக்கும்.